வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

என் மாமனார் கரை வேட்டிக்காரர். மேடை ஏறினால் சாதியை வேரோடு பிடுங்குவார். வீட்டுக்கு வந்ததும் பிடுங்கியதை அப்படியே நட்டுவிடுவார். நன்னிலத்துக்குப் பக்கத்தில் அவருக்கு நிலம் ஏராளம். உச்சவரம்புச் சட்டம் வந்தபோது மாட்டுக்கும் கன்றுக்கும் எழுதிவைக்காத குறைதான்.

அந்த வருஷம் அறுவடைக் கூலித் தகராறில் வரப்பெல்லாம் செங்கொடி. யாரோ எறிந்த கல்லில் அவருடைய அறையின் மர ஜன்னல் உடைந்துபோயிற்று. உடனே திருத்துறைப்பூண்டிப் பட்டறையில் சொல்லி இரும்பு ஜன்னல் செய்துகொண்டு வந்தார். ஒரு பக்கம் விரல்கூட நுழையாத கம்பி வலை. மறுபக்கம் தாழ்ப்பாளோடு இரண்டு தகரக் கதவுகள். வலை வெளியே, கதவு உள்ளே என்பது கணக்கு.

கலவர ஊருக்கு வரமாட்டோம் என்று வெளியூர்க் கொத்தனார்கள் கையை விரித்துவிட்டார்கள். கிடைத்தவர் காலனிக் கொத்தனார் ஒருவர்தான்.

"அய்யா, செவுத்துல பதிக்கிற காதெல்லாம் கதவுப் பக்கந்தான் இருக்கு. நான் உள்ள வந்து நின்னு புடிச்சாத்தான் சரியா ஒக்காரும்ங்க. வெளியிலேருந்து வச்சா கதவு என் பக்கம் வந்துடும்."

"எந்தப் பக்கம் வந்தா என்ன? ஜன்னல் ஜன்னல்தான். ஒங்க ஆளுங்க யாரும் இந்த வாசப்படியத் தாண்டுனதில்ல. அங்கேருந்தே வையி."

கொத்தனார் வெளியே நின்றே வைத்துவிட்டுப் போனார். வேலை முடியும் வரை மாமனார் அந்த அறைப் பக்கமே போகவில்லை. சாயங்காலம் கொசு வருகிறது என்று ஜன்னலைச் சாத்தப் போனவர் வலையில் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். கதவும் தாழ்ப்பாளும் வெளியே இருந்தன.

"பேத்து எடுத்துத் திருப்பி வச்சிடலாம் மாமா," என்றேன்.

"அதுக்கு அவன் உள்ள வரணுமே. இதுவும் நல்லாத்தான் இருக்கு."

விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத மனிதர். அன்று முதல் காலையில் திறக்கவும் மாலையில் சாத்தவும் நான்தான் வீட்டைச் சுற்றி ஓடினேன். மழையானாலும் ஓட்டம், மாசமாக இருந்தபோதும் ஓட்டம். அந்த ஜன்னலை விட அவரைத்தான் நான் அதிகம் வெறுத்தேன்.

சில வருஷங்களில் பக்கவாதம் வந்து அதே ஜன்னலுக்கு அடியில் படுத்துவிட்டார். நாக்கு குழறியது, அதிகாரம் குழறவில்லை. ஒருமுறை நெஞ்சில் சளி கட்டிப் பிழைத்ததே பெரிது. "மேல ஈரம் படாமப் பாத்துக்குங்க. இன்னொரு தடவ வந்தா தாங்க மாட்டாரு," என்று டாக்டர் என்னிடம்தான் சொன்னார்.

ஐப்பசியில் ஒருநாள், என் கணவர் நில வழக்குக்காகத் தஞ்சாவூர் போயிருந்தார். நான் கொல்லையில் மாட்டைப் பிடித்துக் கட்டிக்கொண்டிருந்தபோது சாரல் சாய்ந்து அடிக்கத் தொடங்கியது. ஜன்னல் நினைப்பு வந்து ஓடினேன். அதற்குள் அந்தக் கொத்தனாரின் மனைவி கதவுகளைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டிருந்தாள். நடவு முடித்து வாய்க்கால் கரையோடு வந்தவள், முழங்கால் வரை சேறு.

"அய்யா கத்திக்கிட்டே கெடந்தாருங்கம்மா. மனசு கேக்கல, சாத்திட்டேன். நனைஞ்சிட்டாரு, போயித் தொவட்டி வுடுங்க," என்றாள். மழை விடும் வரை நிற்கச் சொன்னேன். சிரித்துவிட்டு நடந்தாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

உள்ளே அவர் நடுங்கிக்கொண்டிருந்தார். துண்டை எடுத்து மார்பைத் துடைத்தேன்.

"யாரு... சாத்துனா?"

சொன்னேன்.

"தண்ணி... தெளிச்சியா?"

"எதுக்கு மாமா?"

"அவ கை... பட்டுச்சே."

மழை அந்தக் கதவைத்தான் அறைந்துகொண்டிருந்தது.

"கதவோட ரெண்டு பக்கமும்ல கை பட்டிருக்கு. தெளிக்கணும்னா தொறந்துதான் தெளிக்கணும். தொறக்கட்டுமா மாமா?"

வேண்டாம் என்று அவர் வாயால் சொல்லவைக்கத்தான் கேட்டேன். பல் கிடுகிடுக்க என்னையே பார்த்தார். பிறகு உயிர் இருந்த கையைத் தூக்கி, போ என்று ஜன்னலைக் காட்டினார்.

நான் ஒரு சொம்புத் தண்ணீர் மொண்டுகொண்டு, கொட்டுகிற மழையில் வீட்டைச் சுற்றிப் போய், தாழ்ப்பாளை நீக்கி இரண்டு கதவுகளையும் அகலத் திறந்தேன்.