நிற்காத விரல்கள்

தலைநகரின் மோதி பாக் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் இருந்த ஸ்டெனோ வைத்தீஸ்வரன் ஞாயிறுதோறும் கொலைகார ரோபோக்களைப் பற்றிக் கதை எழுதுவார்.

"ஒண்ணுகூடவா சுட மாட்டேன்னு சொல்லாது?" என்பாள் மனைவி கோமதி.

"புரோகிராம்ல இல்லாததை அது எப்படிடி செய்யும்? அதுக்குத்தான் உணர்வே கிடையாதே!" என்று எரிந்து விழுவார்.

ஒருநாள் ஆபீஸில் அதிகாரி சொல்லச் சொல்ல ஓர் உத்தரவைத் தட்டச்சு செய்தார். சாக்கடையோர ஜுக்கிக் குடிசைகளை அன்று மதியமே இடிக்க வேண்டுமாம். அவர் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் சந்தா அங்கேதான் கைக்குழந்தையோடு இருந்தாள்.

வைத்தீஸ்வரன் 'நிறுத்து' என்று விரல்களிடம் மனதுக்குள் கெஞ்சினார். அவை ஒரு பிழைகூட இல்லாமல் அடித்து முடித்தன.

"பஹுத் அச்சா," என்று பாராட்டினார் அதிகாரி.

அந்த ஞாயிற்றுக்கிழமைக் கதையில் ரோபோவுக்கு உணர்வு வந்தது. அது நடுங்கிக்கொண்டே சுட்டது.