அம்மா இறந்த பிறகு பார்த்த லண்டன்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. கும்மிடிப்பூண்டியில் தொடங்கவிருந்த ஒரு பம்பு ஆலை என் கணவரை இரண்டு வருடப் பயிற்சிக்காக லண்டனுக்கு அனுப்பியது. கல்யாணமாகி நான்கு மாதமே ஆகியிருந்தது. நானும் கூடப் போனேன்.
2. அங்கே போய் ஆறு மாதத்தில் எனக்கு நாள் தள்ளிப்போனது.
3. நான்காவது மாதம் நடக்கும்போது, ஒரு சனிக்கிழமை காலையில், மீஞ்சூரில் என் அம்மா இறந்தாள். மார்வலி.
4. திங்கட்கிழமை என் கணவர் வேலை பார்த்த இடத்துக்குத் தந்தி வந்தது. என்னிடம் சொல்ல வேண்டாம் என்று அதிலேயே இருந்தது.
5. அவர் சொல்லவில்லை.
6. அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எனக்கு லண்டனைச் சுற்றிக் காட்டத் தொடங்கினார். மொத்தம் பதினான்கு ஞாயிறுகள்.
7. மகள் பிறந்து நாற்பத்தோராம் நாள் சொன்னார்.

நான் சென்னையில் சிவில் டிப்ளமா முடித்து, எண்ணூர்ப் பக்கம் ஓர் ஆலையின் வரைபடப் பிரிவில் ஒன்றரை வருடம் வேலை பார்த்தவள். எதையும் வரிசையாக எழுதி வைத்தால்தான் எனக்குப் புரியும். இந்த ஏழு வரிகளையும் பல தடவை எழுதியிருக்கிறேன். எழுதும்போதெல்லாம் ஐந்தாவதைத் தாண்டி ஆறாவதுக்குப் போக நேரமாகிறது.

நாங்கள் இருந்தது கிழக்கு லண்டனில், ஒரு வீட்டின் மாடியில், ஒற்றை அறை. மண்ணெண்ணெய் அடுப்பு ஒன்று கணகணவென்று எரிந்து அறையைச் சூடாக்கும். தந்திக்கு முந்தைய ஞாயிறுகளில் என் கணவர் மதியம் வரை தூங்குவார். எழுந்து வேலை உடுப்பைத் துவைத்து அந்த அடுப்பின் முன்னால் காயப்போடுவார். நான் ஜன்னலில் நின்று எதிர் வரிசைப் புகைபோக்கிகளை எண்ணிக்கொண்டிருப்பேன்.

“எங்கயாவது போலாங்க” என்பேன்.

“இன்னா கீது அங்க? எல்லாம் செங்கல்லு. செங்கல்லு பாக்கணும்னா நம்ம ஊர்ல சூளை இல்லியா?” என்பார்.

அந்தத் திங்கட்கிழமை அவர் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்றார். வியாழக்கிழமை தடிமனான ஒரு தெரு வரைபடப் புத்தகத்தோடு வந்தார். ஞாயிறு காலை எட்டு மணிக்கே குளித்து, கோட்டு போட்டுக்கொண்டு நின்றார்.

“இன்னா இன்ஜினியரம்மா, கெளம்பலாமா? லண்டன் உனக்காகக் காத்துக்கினு கீது.”

நான் ஓர் இன்ஜினியரும் இல்லை. அவர் கேலி அது. எனக்கு அது பிடிக்கும். எந்தக் கோட்டு, எந்தக் கம்பளிக் காலுறை என்று தடுமாறி, ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டே கிளம்பினேன்.

முதல் ஞாயிறு கியூ தோட்டம். பெரிய கண்ணாடி வீட்டுக்குள் நீராவி விட்டு வாழையும் பனையும் வளர்க்கிறார்கள். உள்ளே போனதும் கோட்டைக் கழற்றினேன். லண்டன் வந்த பிறகு முதல் முறையாக முதுகில் வியர்வை. “மீஞ்சூர் ஸ்டேஷன்ல ரெண்டு மணிக்கு நிக்கிற மாதிரி கீது” என்றேன். அவர் சிரித்தார். அப்போது நன்றாகத்தான் சிரித்தார் என்று நினைக்கிறேன்.

பாதாள ரயிலின் வரைபடம் அளவுப்படி வரையப்பட்டதல்ல என்பதை அன்றே கண்டுபிடித்துவிட்டேன். அருகருகே இருக்கும் நிலையங்களைத் தள்ளியும், தள்ளி இருப்பவற்றை நெருக்கியும் போட்டிருந்தார்கள். எங்கள் பிரிவில் யாராவது இப்படி வரைந்தால் வேலை போயிருக்கும் என்று குறைபட்டுக்கொண்டேன்.

“எல்லாத்தையும் அளவோட போட்டா மனுசன் ஊட்ட உட்டு கெளம்பவே மாட்டான்” என்றார்.

இரண்டாவது ஞாயிறு காலையில் என்னை உட்காரவைத்துத் தலையில் எண்ணெய் வைத்தார். அதற்கு முன்பு ஒரு நாளும் செய்ததில்லை. நல்லெண்ணெய் எங்கே கிடைத்தது என்று கேட்டேன். குஜராத்திக் கடை என்றார். “உடம்பு சூடு. மூஞ்சப் பாத்தாலே தெரியுது” என்றார். அந்தக் குளிரில் எனக்கு என்ன சூடு என்று சிரித்துக்கொண்டே தலை குளித்தேன்.

பிறகு வுல்விச் என்ற இடத்துக்குப் போய் ஆற்றைக் கடக்கும் படகில் ஏறினோம். லாரிகளை ஏற்றிக்கொண்டு இக்கரைக்கும் அக்கரைக்கும் போய்வரும் பெரிய இரும்புப் படகு. நீர் வற்றியிருந்த நேரம். கரையின் சேற்று வாடை மூக்கில் ஏறியதும் எனக்குப் பழவேற்காடு நினைவு வந்துவிட்டது. அம்மா அந்த ஏரிக்கரைக் குப்பத்தில் பிறந்தவள். கல்யாணமாகி மீஞ்சூர் வந்த பிறகும் இறால் வாங்கிக் கூடையில் சுமந்து பொன்னேரியில் விற்றவள். நான் டிப்ளமா படித்தது அந்தக் கூடையால்தான்.

படகு தெற்கு நோக்கி நகர்ந்தது. என்னை முன்பக்கக் கம்பியருகே நிற்கவைத்து, கோட்டுப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். உள்ளே அரிசி.

“மீனுக்குப் போடு.”

“எள்ளு கலந்து கீதே?”

“கடைக்காரன் கைய ரெண்டு மூட்டையிலயும் உட்டிருப்பான். போடு.”

போட்டேன். நாலைந்து பறவைகள் கத்திக்கொண்டு வந்து தண்ணீருக்கு மேலேயே கொத்தின.

“இங்க பாருங்க, நம்ம கடல்காக்கா! இங்கயும் வந்துகீது!”

“துன்னுதா?”

“நல்லா துன்னுது. கையில இருந்தே புடுங்கிக்கினு போவும் போல.”

வாய்விட்டுச் சிரித்தேன். அவர் லாரிகள் நின்ற பக்கம் திரும்பிக்கொண்டார். காற்றில் கண் எரிகிறது என்றார். அன்று அம்மா இறந்து பதினாறாம் நாள். மீஞ்சூரில் அதே நாளில் கருமாதி நடந்தது.

பதினான்கு ஞாயிறுகளையும் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். போன இடம், போன பேருந்தின் எண், பார்த்தது, சாப்பிட்டது. கிரீனிச்சில் ஆற்றுக்கு அடியில் மனிதர்கள் நடந்துபோகும் சுரங்கம் ஒன்று இருக்கிறது. இரும்பு வளையங்களை ஒன்றோடொன்று முடுக்கிச் செய்தது. அதன் குறுக்குவெட்டை நோட்டில் பாதிப் பக்கத்துக்கு வரைந்திருக்கிறேன். ஒவ்வொரு திங்கட்கிழமையும் அதையெல்லாம் அம்மாவுக்குக் கடிதமாக எழுதினேன்.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அக்கா படித்துக் காட்டுவாள். அம்மா சொல்லச் சொல்ல அப்படியே பதில் எழுதுவாள். தந்திக்கு முன் வந்த கடிதங்கள் எல்லாம் வசவு. “ஏன்டி, சோறு துன்றியா, காத்து துன்றியா? போட்டோல கழுத்தெலும்பு எண்ணலாம் போல கீது. உன் புருசனுக்குக் கண்ணு அவிஞ்சி பூட்ச்சா?” இப்படி நீல நிற விமானத் தபால் தாள் முழுக்க இருக்கும். அதற்குப் பின் வந்த கடிதங்களில் அம்மா மாறிவிட்டாள். “கண்ணு, ஒடம்ப பத்தரமா பாத்துக்கோ. நான் நல்லா கீறேன்.” மகள் வெளிநாடு போனால்தான் அம்மாக்களுக்குப் பாசம் வரும் என்று அவரிடம் பெருமையாகச் சொன்னேன்.

ஆறாம் மாதத்தில் ஊருக்குப் போக வேண்டும் என்று ஆரம்பித்தேன். தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான். அதில் எனக்கு வேறு யோசனையே கிடையாது. அவர் இங்கே டாக்டர்கள் நன்றாகப் பார்க்கிறார்கள் என்றார். அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார். ஞாயிறு வந்தால் இன்னொரு இடத்துக்கு அழைத்துப் போனார். நான் அம்மாவுக்கே எழுதினேன்: நீ சொல்லு, உன் மருமகன் கேட்பார். “அங்கயே பெத்துக்கோ கண்ணு” என்று பதில் வந்தது.

அந்தக் கோபத்தில் மூன்று வாரம் நான் அம்மாவுக்குக் கடிதம் எழுதவில்லை. தன் வீட்டில் பிரசவம் பார்க்கச் சலித்துக்கொள்கிறாள் என்று நினைத்தேன். இறந்துபோனவளோடு மூன்று வாரம் பேசாமல் இருந்திருக்கிறேன்.

மகள் அங்கேயே ஆஸ்பத்திரியில் பிறந்தாள். நாற்பத்தோராம் நாள் காலையில், நான் பால் காய்ச்சிக்கொண்டிருந்தபோது, அவர் அடுப்பை அணைத்தார்.

“உங்கம்மா இல்ல. நாலாம் மாசமே பூட்டாங்க.”

நான் தேதி கேட்டேன். சொன்னார். நோட்டை எடுத்து முதல் ஞாயிற்றுக்குப் பக்கத்தில் அந்தத் தேதியை எழுதினேன். பிறகு நாட்களை எண்ணினேன். படகு பதினாறாம் நாளில் வந்தது. அப்போதுதான் எண்ணெயும் எள்ளும் புரிந்தன.

“இந்த ஞாயித்துக்கெழமைங்க எல்லாம்?” என்று கேட்டேன்.

“ஊட்ல எதிர எதிர உக்காந்தா என் மூஞ்சப் பாத்து கண்டுபுடிச்சிருவே. தெருவுல போனா நீ ஊரப் பாப்பே, என்னப் பாக்க மாட்டே.”

“நான் சிரிச்சிக்கினே போட்டேனே.”

“உன் கையால போடணும்னு நெனச்சேன். அது தப்பா?”

தப்பு என்றேன். குழந்தை அழுதது, எடுக்கப் போய்விட்டேன்.

பயிற்சி முடிந்து ஊர் திரும்பியதும் அக்காவிடம் கேட்டேன். மீஞ்சூர் வீட்டின் பின்பக்கம் அவள் துணி அலசிக்கொண்டிருந்தாள்.

“வாயும் வயிறுமா கீற பொண்ணுகிட்ட எவனாவது சாவு சேதி சொல்லுவானா? நைனா தான் வேணாம்னாரு” என்றாள். எங்கள் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம்.

“கடுதாசி?”

“அது நான்தான். திட்டி எழுதலாம்னு உக்காந்தேன்டி. அம்மா திட்டுனாதான நீ நம்புவே. கை ஓடல. செத்தவ வாயில வசவ எப்டி எழுதறது?” ஈரத் துணியை உதறினாள். “அந்த மனுசன் மேல கோவப்படாத. ரெண்டு வாட்டி எழுதுனாரு, என்னால முடியல, சொல்லிடறேன்னு. நாங்கதான் கொழந்தைக்கு ஆவாதுன்னு தடுத்தோம்.”

“ரெண்டு வாட்டியா?”

“ரெண்டு வாட்டி. பாவம், பேஜாரா பூட்டாரு.”

அவர் இதை என்னிடம் சொன்னதில்லை. தன் பக்க நியாயமாகக்கூட எடுத்து வைக்கவில்லை. அது எனக்கு ஆறுதலாக இருக்க வேண்டும். இல்லை. அவர் கெட்டவராக இருந்திருந்தால் அழுதுவிட்டுப் போயிருப்பேன். அவர் வலித்துக்கொண்டே எனக்கு ஊர் காட்டியிருக்கிறார், நான் சந்தோஷமாக இருந்திருக்கிறேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக வேறெப்போதும் இருந்ததில்லை. அதைத்தான் என்ன செய்வது என்று தெரியவில்லை.

இப்போது நாங்கள் புதுவாயலில் இரண்டு அறை வீட்டில் இருக்கிறோம். அவர் ஆலை பஸ்ஸில் கும்மிடிப்பூண்டிக்குப் போகிறார். நானும் அதே ஆலையின் வரைபடப் பிரிவில் சேர்ந்திருக்கிறேன். மகளுக்கு மூன்று வயது. சாப்பிடும்போது அவர் சில நாள் “அந்தச் சொரங்கத்துல ஒரு கெழவன் பாடிக்கினு இருந்தானே” என்று ஆரம்பிப்பார். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொள்வார்.

நைனாவுக்கு இப்போது மூச்சிரைப்பு. நன்றாக இருக்கிறார் என்று அக்கா சொல்லி அனுப்புகிறாள். நான் யார் பேச்சையும் எடுத்துக்கொள்வதில்லை. சனிக்கிழமைதோறும் பொன்னேரி வழியாக பஸ் பிடித்து மீஞ்சூர் போய், அவரை என் கண்ணால் பார்த்துவிட்டு வருகிறேன். கூட வரட்டுமா என்று என் கணவர் கேட்கிறார். வேண்டாம் என்கிறேன். மன்னித்துவிட்டாயா என்று மட்டும் அவர் இதுவரை கேட்கவில்லை. கேட்டால், இன்றைக்கு என்னிடம் இருக்கும் பதில் ‘இல்லை’ என்பதுதான்.