கண்ணாடிக் காட்டுக்கு ஒரு லாம்பு

உருத்திரமூர்த்தி பருத்தித்துறைப் பக்கம் பதினொரு வருடம் விலங்கியல் படிப்பித்தவர். ஜெர்மனிக்கு வந்தபின், டுசல்டோர்ஃப் நகரின் ஓரத்திலிருந்த ஒரு செடிக்கடையில் அவர் தொட்டிகளுக்கு மண் மாற்றிக்கொண்டிருந்தார். அதற்காக அவர் வெட்கப்பட்டதே இல்லை. எந்த உழைப்பும் கேவலமில்லை என்று ஊரில் மேடையேறிப் பேசியவர் அவர். கோயில் திருவிழாவுக்குக் காசு சேர்க்க வந்தவர்களை வாசலிலேயே மறித்து, ஒரு மணித்தியாலம் கேள்வி கேட்டு அனுப்பியவர் என்ற பெயரும் அவருக்கு உண்டு. பார்த்துச் சோதிக்காத எதையும் நம்பக்கூடாது என்பது அவர் கண்டவர்க்கெல்லாம் நடத்தும் பாடம்.

அப்படிப்பட்டவர் தலைகுனிய வேண்டி வந்தது 1993ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில், கட்டைவிரல் நீளமேயுள்ள இரண்டு பச்சோந்திகளால்.

பல் வைத்தியர் ஒருவர் தன் நோயாளிகள் காத்திருக்கும் அறையில் வைக்க ஒரு கண்ணாடிப் பெட்டி கேட்டிருந்தார். உள்ளே உயிருள்ள செடிகளோடு ஒரு சின்னக் காடு. அதற்குள் தன்சானியாவிலிருந்து வரவழைத்த இரண்டு குட்டைப் பச்சோந்திகள். கடை முதலாளி வில்லெம்ஸ் செடிகளை அறிந்தவர், விலங்குகளை அறியாதவர். "நீங்கள்தானே ஆசிரியர்? எல்லாம் உங்கள் பொறுப்பு" என்று சொல்லிவிட்டார். ஜெர்மனிக்கு வந்து ஆறு வருடங்களில் 'ஆசிரியர்' என்று ஒரு ஜெர்மன்காரன் வாயால் அவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

உதவிக்கு அந்தோனிப்பிள்ளை நின்றார். மன்னாரில் கடலுக்குப் போனவர். இங்கே கூட்டுவதும் தண்ணீர் தெளிப்பதும் அவர் வேலை. ஜெர்மன் அவருக்கு நூறு சொல் தேறாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வதிவிட அனுமதியை நீட்டிக்கப் போகும்போது, வேலை இருக்கிறது என்ற கடிதம் ஒன்றுதான் அவர் கையில் இருந்த பலம்.

பெட்டியின் அடியில் சுட்ட களிமண் உருண்டைகள் பரப்பினார்கள். அதன்மேல் வலை, வலையின்மேல் காட்டு மண், அதற்கும் மேல் காய்ந்த ஓக் இலைகள். பின்சுவரில் படர்கொடி, மூலைகளில் பன்னச் செடிகள், நடுவே பாசி, குறுக்கும் நெடுக்குமாக ஈர்க்குத் தடிப்பில் சுள்ளிகள்.

"ஊரில ஓணானைக் கண்டா கல்லால எறிவம். இஞ்ச அதுக்கு வீடு கட்டுறம், மாஸ்டர்" என்றார் அந்தோனிப்பிள்ளை.

"வீடு மட்டுமே? கடதாசியும் சரியாம். விமானத்தில வந்திறங்கி ஒரு மணித்தியாலத்தில வெளியால விட்டிட்டாங்கள்."

"அப்ப அடுத்த பிறப்பில ஓணானாப் பிறக்கவேணும்."

"அடுத்த பிறப்பு ஒண்டும் இல்லை காணும். உமக்கு இது ஒண்டுதான்."

அந்தோனிப்பிள்ளை சிரித்துக்கொண்டே சிலுவைக் குறி போட்டு, முதல் தண்ணீரைத் தெளித்தார். "அந்தோனியார் வந்து தெளிச்சாலும் இதே தண்ணிதான்" என்று உருத்திரமூர்த்தி அதற்கும் ஒரு குத்து விட்டார்.

பச்சோந்திகள் இரண்டும் பழுப்பு நிறம். காய்ந்த இலையோடு கிடந்தால் இலை எது, உடம்பு எது என்று தெரியாது. அவற்றை உள்ளே விட்டபிறகு உருத்திரமூர்த்தி ஒரு அறுபது வாட் லாம்பைக் கொண்டுவந்து பெட்டிக்கு மேலே பூட்டினார். ஊர்வனவற்றுக்கு வெயில் வேண்டும். இது அவர் பதினொரு வருடம் கரும்பலகையில் எழுதிய விஷயம்.

மூன்றாம் நாள் அந்தோனிப்பிள்ளை வந்து நின்றார். "மாஸ்டர், இதுகள் இலைக்குக் கீழ போய் ஒளிக்குதுகள். மத்தியானத்தில வாயை ஆவெண்டு திறந்துகொண்டு கிடக்குதுகள். அந்த லாம்பு கூடச் சூடு போல."

"உமக்கு மீன் தெரியும், எனக்கு ஊர்வன தெரியும். சூடு இல்லாட்டி இதுகளுக்குச் சாப்பாடு செமிக்காது. புத்தகத்தில இருக்கு."

"நான் பாத்ததைச் சொன்னன்."

"நீர் தண்ணியைத் தெளியும்."

ஐந்தாம் நாள் காலையில் பெரியது செத்துக் கிடந்தது. பாசி அப்பளம்போல் நொறுங்கியது. வில்லெம்ஸ் விரலால் மண்ணைக் கிளறினார், உலர்ந்து பறந்தது. அந்தோனிப்பிள்ளையைக் கூப்பிட்டு, உருத்திரமூர்த்தியை மொழிபெயர்க்கச் சொன்னார்.

"இவன் தண்ணீர் தெளித்தானா என்று கேளுங்கள்."

"நாளுக்கு மூண்டு தரம் தெளிச்சனான்" என்றார் அந்தோனிப்பிள்ளை. "தெளிச்ச உடன காஞ்சு போகுது. லாம்பு கூடச் சூடெண்டு மாஸ்டருக்கு அண்டைக்கே சொன்னனான். அதையும் சொல்லுங்கோ."

உருத்திரமூர்த்தி ஜெர்மனில் சொன்னார்: "தெளித்தாராம்."

அவ்வளவுதான். பொய் என்று அதில் ஒரு சொல் இல்லை. வில்லெம்ஸ் நொறுங்கிய பாசியை இருவர் முகத்துக்கும் நேரே பிடித்துக் காட்டினார். தெளித்திருந்தால் இது இப்படி இருக்குமா? பொய்யன் எனக்கு வேண்டாம், வெள்ளிக்கிழமையோடு நிற்கட்டும் என்றார். அதையும் உருத்திரமூர்த்திதான் தமிழில் சொன்னார். அந்தோனிப்பிள்ளை அவரை ஒருதரம் பார்த்தார். விளக்குமாறை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஒரு மனிதன் ஒரு நாட்டில் இருக்கலாமா கூடாதா என்பதை, அவன் பாசிக்குத் தண்ணீர் தெளித்தானா என்பது முடிவுசெய்கிறது. இந்த அநியாயத்தைப் பற்றி இரண்டு மணித்தியாலம் பேசக்கூடியவர் உருத்திரமூர்த்தி. அன்று அவர் பேச வேண்டியிருந்தது ஒரேயொரு வசனம்.

மத்தியானம், பச்சோந்திகள் வந்த பெட்டியை மடித்து எறியப் போனபோது அடியில் ஒரு கடதாசி கிடந்தது. அனுப்பியவர்கள் வைத்தது. வந்த அன்று அவர் அதை விரித்தே பார்க்கவில்லை. படிப்பித்த மனிதனுக்கு வழிமுறைக் கடதாசி எதற்கு? இப்போது வாசித்தார். இவை காட்டின் தரையில், நிழலில் வாழ்பவை. இருபத்தைந்து பாகைக்கு மேல் தாங்காது. சூட்டு விளக்கு வைக்கவே கூடாது.

லாம்பைக் கழற்றி ஒளித்தார். கடதாசியை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

மிஞ்சியது பிழைத்துக்கொண்டது. புதிதாக வைத்த பாசி பிடித்தது, பல் வைத்தியர் சந்தோஷமாகத் தூக்கிப் போனார். "ஆசிரியர் என்றால் ஆசிரியர்தான்" என்று வில்லெம்ஸ் தோளில் தட்டினார். அந்தத் தட்டு அவருக்கு அடியாக விழுந்தது. காசு சேர்க்க வந்தவர்களிடம் 'நீங்கள் சோதித்துப் பார்த்தீர்களா?' என்று கேட்ட அதே வாய், கண்ணால் பார்த்துச் சொன்னவனை அடக்கியிருக்கிறது. கோயில்காரர் சுவடியை நம்பினார்கள், அவர் பாடப்புத்தகத்தை நம்பினார். ஆனால் அவர்களில் எவரும் தன் பிழைக்காக இன்னொருவன் வேலையைப் பலி கொடுக்கவில்லையே. சட்டை மாற்றும்போதெல்லாம் கடதாசியைப் பழைய பையிலிருந்து புதிய பைக்கு மாற்றிக்கொண்டே இருந்தார். எறியவும் மனம் வரவில்லை, எடுத்துக் காட்டவும் துணிவு வரவில்லை.

மூன்று கிழமைக்குப் பிறகு அந்தோனிப்பிள்ளை அவர் வீட்டு மணியை அடித்தார். உள்ளே வரவில்லை.

"வேலைக் கந்தோரில செவ்வாய்க்கிழமை வரச்சொல்லி டெர்மின் தந்திருக்கினம், மாஸ்டர். என்ர பிழையால வேலை போனதெண்டு முதலாளி எழுதிக் குடுத்திருக்கிறார். அப்பிடியெண்டா பன்னிரண்டு கிழமை உதவிக்காசு இல்லையாம். மொழிபெயர்க்க ஆள் வேணும்."

"நானோ? வேற ஆரும்..."

"வேற ஆக்களும் இருக்கினம்." அந்தோனிப்பிள்ளை தன் சப்பாத்தைப் பார்த்தபடி பேசினார். "எனக்கு ஜெர்மன் தெரியாதுதான். ஆனா லாம்புக்கு இவங்கள் லாம்ப எண்டுதான் சொல்லுறவங்கள். அண்டைக்கு உங்கட வாயில அந்தச் சொல் வரேல்லை. அதான் உங்களைக் கேக்கிறன்."

உருத்திரமூர்த்தி சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். "வாறன்" என்றார்.

செவ்வாய்க்கிழமை, வேலை அலுவலகத்தில் மேசைக்கு அந்தப்புறம் இருந்த பெண் முதலில் மொழிபெயர்ப்பாளரின் பெயரைக் கேட்டுத் தட்டச்சு செய்தார். பிறகு, என்ன நடந்தது என்று சொல்லச் சொன்னார். அந்தோனிப்பிள்ளை மெதுவாக, ஒவ்வொரு வசனமாக நிறுத்தி நிறுத்திச் சொன்னார். தெளித்தது. காய்ந்தது. வாயைத் திறந்து கிடந்தது. லாம்பு. இம்முறை ஒரு சொல்லும் மிச்சம் வைக்காமல் உருத்திரமூர்த்தி ஜெர்மனில் சொன்னார்.

"லாம்பு வைச்சவருக்கு நான் முதலே சொன்னனான். அவர் அதை முதலாளிக்குச் சொல்லேல்லை."

அதையும் சொன்னார்.

"விளக்கு வைத்தவர் யார்?" என்று கேட்டார் அந்தப் பெண். "பெயர்?"

கேள்வி அந்தோனிப்பிள்ளைக்கு விளங்கியிருக்க வேண்டும். அவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

உருத்திரமூர்த்தி பெயரைச் சொன்னார். அது நீளமான பெயர். எழுத்தெழுத்தாகச் சொல்ல வேண்டியிருந்தது. பாதி எழுத்துகளிலேயே அந்தப் பெண்ணின் விரல்கள் நின்றன. அவர் தாளின் மேல்வரியைப் பார்த்தார், பிறகு உருத்திரமூர்த்தியைப் பார்த்தார்.

"ஓம்" என்று தமிழிலேயே வந்துவிட்டது. சட்டைப் பையிலிருந்த கடதாசியை எடுத்து விரித்து மேசையில் வைத்தார். மடிப்புகளில் அது கிழியத் தொடங்கியிருந்தது.

வெளியே வந்ததும் அந்தோனிப்பிள்ளை கேட்டார். "முடிஞ்சுதோ?"

"உம்மட காசு வரும் எண்டுதான் நினைக்கிறன். ஆனா முடியேல்லை. முதலாளியிட்டயும் போய்ச் சொல்லவேணும். நீரும் வாருமன்."

"அங்க மொழிபெயர்க்க ஒண்டும் இல்லையே, மாஸ்டர். நீங்கள் போங்கோ." இரண்டடி நடந்தவர் திரும்பினார். "மற்றது உயிரோடயோ?"

"ஓம்."

அந்தோனிப்பிள்ளை தலையாட்டிவிட்டு டிராம் தரிப்பிடத்தை நோக்கி நடந்தார். செடிக்கடைக்கும் அதே டிராம்தான். அவர் ஏறிப் போகட்டும் என்று உருத்திரமூர்த்தி வாசலிலேயே நின்றார். பிறகு அடுத்ததில் ஏறினார்.