தடைக்காலத்துக் காசு

இராயபுரத்தில் ஒரு கொட்டகை வைத்துக் கருவாடு கட்டி இலங்கைக்கு அனுப்புகிறேன். இதைச் சொன்னால் சிலர் மூக்கைப் பிடித்துக்கொள்கிறார்கள். பிடித்துக்கொள்ளட்டும். அந்த நாற்றத்தில்தான் என் பெண் கல்லூரிக்குப் போகிறாள். அதற்கு முன்னால் பதினைந்து வருடம், ஏற்றுமதிச் சரக்குகளுக்குச் சுங்கக் காகிதம் எழுதும் ஒரு ஆபீசில் குப்பை கொட்டினேன். ஊரான் பெட்டிக்கெல்லாம் எழுதுகிறோமே, நாமே ஒரு பெட்டி அனுப்பினால் என்ன என்று ஒரு நாள் தோன்றியது. காகிதம் எனக்குத் தெரியும், கருவாடு காசிமேட்டுப் பெண்களுக்குத் தெரியும். அப்படித்தான் ஆரம்பித்தது.

எனக்குக் கருவாடு கொடுப்பவர்கள் பதினெட்டுப் பேர். விடியற்காலை ஏலத்தில் விலை போகாமல் மிஞ்சும் நெத்திலியையும் வாளையையும் வாங்கி, உப்புப் போட்டு, கடற்கரையில் காயவைத்து, கூடை கூடையாக ஷேர் ஆட்டோவில் கொண்டுவருவார்கள். எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. கூடையைத் தராசில் வைத்ததும் எதிர்க் கடைக்கு டீ குடிக்கப் போய்விடுவார்கள். திரும்பி வரும்போது நான் எடை சொல்வேன், அவர்கள் தலையை ஆட்டுவார்கள். தராசை எட்டிப் பார்த்தால் என்னைச் சந்தேகப்படுவது போல ஆகிவிடுமாம்.

காசிலும் ஒரு வழக்கம். பாதியை அப்போதே வாங்கிக்கொள்வார்கள். மீதிப் பாதி என்னிடமே இருக்கும். சித்திரையில் மீன்பிடித் தடைக்காலம் வரும். மீன் குஞ்சு பொரிக்கட்டும் என்று அரசாங்கம் இரண்டு மாதம் விசைப்படகுகளைக் கட்டிப்போடும். அந்த இரண்டு மாதமும் காசிமேட்டில் அடுப்பு எரிவதே பெரும்பாடு. அதனால், "இத்த நீயே வெச்சிரும்மே. வூட்டுக்கு எடுத்துனு போனா நேரா கடைக்குத்தான் போவும்" என்பார்கள். அவர்கள் சொல்லும் கடை எந்தக் கடை என்று உங்களுக்குத் தெரியும். தடைக்காலம் வந்ததும் ஒவ்வொரு சனிக்கிழமையும் கொட்டகைக்கு வந்து கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிப் போவார்கள். ரசீது கிடையாது, கையெழுத்து கிடையாது. பதினெட்டு வீட்டு அடுப்பு என் வார்த்தையில் எரிகிறது என்று எனக்கு உள்ளூர ஒரே பெருமை.

அந்தக் காசு பெட்டியில் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருந்தது என்றால் அது பொய். அதைத்தான் அடுத்த கன்டெய்னரில் போடுவேன். கொழும்பிலிருந்து பணம் பங்குனிக்குள் வந்துவிடும், சித்திரையில் இவர்களுக்குக் கொடுத்துவிடுவேன். பல வருடம் இப்படியே ஓடியதால் இனியும் ஓடும் என்று நம்பினேன். கடைசியாக நம்பிய வருடத்தில் இன்னும் ஒரு படி மேலே போனேன். துருப்பிடித்த பழைய தகரத்தைப் பிரித்துவிட்டு, இரும்புத் தூண் நிறுத்தி, சிமென்ட் ஷீட் போட்டு, தரைக்குக் காங்கிரீட்டும் போட்டேன். மழையில் சரக்கு நனைந்து வீணாகிக்கொண்டிருந்ததால் அது ஆடம்பரச் செலவு இல்லை, தேவைதான். ஆனால் பெண்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கொழும்பில் என் சரக்கை வாங்குகிறவர் புறக்கோட்டையில் கடை வைத்திருக்கும் தமிழர். நல்ல மனிதர், பேச்சில் சுத்தம். ஒரு முறை அங்கே போனபோது தன் காரில் ஏற்றிப் புது நெடுஞ்சாலையில் கூட்டிப்போனார். மடியில் வைத்திருந்த டீ தளும்பவில்லை. "எங்கட நாடு இன்னும் கொஞ்ச நாள்ல சிங்கப்பூர் மாதிரி வந்திடும் அக்கா" என்றார். இவ்வளவுக்கும் காசு எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "எல்லாம் வெளிநாட்டுக் கடன்தான். ஆறுதலா, மெல்ல மெல்லக் கட்டலாம்" என்று சிரித்தார். நான் ஊருக்குத் திரும்பி, எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரி வரிசைக்கு நடுவே ஒன்றரை மணி நேரம் நின்று, பொறாமையில் வெந்தேன்.

பிறகு அந்த வருடம் வந்தது. இலங்கையில் பெட்ரோலுக்கு வரிசை, சமையல் வாயுவுக்கு வரிசை, பால் மாவுக்கு வரிசை என்று டிவியில் காட்டினார்கள். ஐயோ பாவம் என்று சொல்லிக்கொண்டே சாப்பிட்டேன். என் பெட்டி ஏற்கெனவே கப்பலேறிப் போயிருந்தது. அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று இருந்தேன்.

கொழும்புக்காரரிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. "அக்கா, நான் சல்லி முழுக்கக் கட்டிட்டன். வங்கியில டொலர் இல்லையாம்." அவ்வளவுதான். அதை எட்டுத் தடவையாவது திரும்பத் திரும்பக் கேட்டிருப்பேன். அவர் கட்டியது அவர்கள் ஊர் ரூபாய். அதை வாங்கிக்கொண்டு வங்கி எனக்கு டாலர் அனுப்ப வேண்டும். அனுப்பிய பிறகுதான் சரக்குக் காகிதத்தை அவரிடம் கொடுக்கும், காகிதம் இல்லாமல் பெட்டி துறைமுகத்தை விட்டு நகராது. நாட்டிலேயே டாலர் வற்றிப்போய், மருந்துக்கும் எண்ணெய்க்கும் இல்லாமல் நிற்கும்போது என் நெத்திலிக்கு எவன் கொடுப்பான்? பத்து நாளில் அவர்கள் ரூபாயும் சரிந்தது. ஏற்கெனவே கட்டிய பணம் போதாது, இன்னும் கட்டு என்று வங்கி அவரைக் கேட்டது. அந்த மனிதர் கடையில் இருந்ததையெல்லாம் வழித்துக் கட்டினார். அப்போதும் டாலர் இல்லை.

எனக்குக் கோபம் வந்தால் கண்மண் தெரியாது. போனில் கத்தினேன். "வராத காசை நம்பி ரோடு போடுவாங்களா? உங்க ஊருல யாருக்குமே கணக்குப் பார்க்கத் தெரியாதா?" அவர், "ரோட்டைப் போட்டது நான் இல்லையே அக்கா" என்றார். போனை வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தேன். புது ஷீட்டில் ஒரு பொட்டு ஒழுகல் இல்லை. அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை.

வெளிநாட்டுக் கடனை இப்போதைக்குக் கட்ட முடியாது என்று அந்த நாடு அறிவித்ததும், இங்கே படகுகளைக் கட்டிப்போட்டதும் ஒரே வாரத்தில். முதல் சனிக்கிழமை கையில் இருந்ததைப் போட்டுச் சமாளித்தேன். இரண்டாம் சனிக்கிழமை கொட்டகையைப் பூட்டிக்கொண்டு திருவொற்றியூரில் தங்கை வீட்டுக்கு ஓடிவிட்டேன். ஆமாம், ஓடினேன். அதற்கு வேறு நல்ல வார்த்தை இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு எங்கள் மாதா கோயிலுக்குப் போகாமல் வேறொரு கோயிலுக்குப் போய்க் கடைசி வரிசையில் நின்றேன். தெருவில் ஆட்டோ நின்றாலே கதவைச் சாத்திக்கொள்வேன். மீன்கூடையோடு எந்தப் பெண் எதிரே வந்தாலும் சந்துக்குள் திரும்பிவிடுவேன். நெத்திலி காய்ச்சலில் இருக்கும் பிள்ளை மாதிரி அந்தப் பெட்டிக்குள் வேர்த்துக்கொண்டிருக்கும், பூஞ்சை பிடிக்கும் என்று பகலெல்லாம் அதே நினைப்பு.

கொட்டகைக்கு யாரும் வந்து கத்தவில்லை. பதினெட்டுப் பேரில் என்னை நம்பி முதல் கூடை வைத்த அக்கா மட்டும், நான் தங்கை வீட்டிலிருந்து திரும்பிய அன்றைக்கு, நேரே என் வீட்டுக்கு வந்தார். ஏலத்தில் அவர் குரல் எழும்பினால் அடுத்தவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். அன்றைக்கு மெதுவாகப் பேசினார்.

"இன்னாம்மே, கொட்டாயில பூட்டு தொங்குது. செத்துகித்து பூட்டியான்னு பாக்க வந்தேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். டாலர், வங்கி, பெட்டி, அந்த நாட்டின் கடன். பொறுமையாகக் கேட்டார்.

"அந்த ஊர்ல துட்டு இல்லேன்னா எனக்கு இன்னா? நான் அந்த ஊருக்கா மீன் காயப்போட்டேன்? உன்ன நம்பித்தானே குடுத்தேன்?"

அவருடைய கம்மல் அடகில் இருந்தது. வார முடிவுக்குள் மீட்காவிட்டால் ஏலத்தில் போய்விடும். அதைச் சொல்லும்போது கூட அழவில்லை, காதைத் தடவிக்கொண்டார். என் பெண்ணின் கல்லூரிப் பணம் பீரோவில் இருந்தது. அதை எடுத்து, அவருக்குத் தரவேண்டியதை முழுசாகக் கொடுத்தேன்.

"யாருகிட்டயும் சொல்லாதக்கா. மத்தவங்களுக்கு இப்ப என்னால முடியாது."

"என் வாயிலேர்ந்து வராது போ" என்றார்.

சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினார். ஒரு வார்த்தை வெளியே விடவில்லை. ஆனால் மறுநாள் காலை தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு போனபோது கம்மல் போட்டுக்கொண்டு போனார். தடைக்காலத்தில் காசிமேட்டுப் பெண்கள் காதில் தங்கம் இருக்காது, ஓட்டை தூர்ந்துவிடாமல் இருக்க வேப்பங்குச்சிதான் இருக்கும். அத்தனை வேப்பங்குச்சிக்கு நடுவில் ஒரு ஜோடி கம்மல். பதினேழு பேருக்கும் யாரும் எதுவும் சொல்லவேண்டியிருக்கவில்லை. பதினைந்து வருடம் காகிதம் எழுதியவளுக்கு இந்தச் சின்ன விஷயம் தோன்றவில்லை.

அன்றைக்குத்தான் கொட்டகையைத் திறந்தேன், பத்து மணிக்குள் எல்லாரும் வந்துவிட்டார்கள். அக்காவையும் இழுத்துவந்தார்கள்.

"அவளுக்கு வாய் பெருசுன்னு அவளுக்கு மட்டும் முழுசா குடுத்தியா? எங்களுக்குப் புள்ளகுட்டி இல்லியா?" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி, அவர்களில் இளையவள், புது இரும்புத் தூணைத் தட்டிப் பார்த்தாள். மேலே பார்த்தாள். கீழே காங்கிரீட்டைப் பார்த்தாள்.

"யக்கா, இது எங்க துட்டா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. "ஆமாம்மா" என்றேன். கொழும்புக்காரரிடம் நான் கத்தியதெல்லாம் ஒவ்வொரு வார்த்தையாக எனக்கே திரும்பி வந்தது. நானும் வராத காசை நம்பி அடுத்தவர் காசில்தான் கூரை போட்டிருக்கிறேன். கூரை நல்ல கூரைதான். ஆனால் அதைச் சித்திரை மாதத்தில் சோறாக்க முடியாது. பிரித்து விற்கலாமா என்று பழைய இரும்புக்காரரைக் கூட விசாரித்திருந்தேன். போட்ட செலவில் கால்வாசிகூடத் தேறாது என்றார்.

கடன் கொடுத்தவர்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசவேண்டும், ஒருவருக்கு மட்டும் ரகசியமாகக் கட்டக் கூடாது என்று அந்த நாட்டைப் பற்றிச் செய்தித்தாளில் அப்போது தினமும் எழுதினார்கள். பெரிய பெரிய நாடுகள் மாதக்கணக்கில் இழுத்த பேச்சு அது. இவர்கள் தரையில் உட்கார்ந்து அரை மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள். எல்லாருக்கும் இப்போது பாதி, மீதி எப்போது வருகிறதோ அப்போது, எல்லாருக்கும் ஒரே நாளில். முழுசாக வாங்கியவர் பாதியைத் திருப்பித் தரவேண்டும்.

அக்கா முதலில் முறைத்துக்கொண்டு நின்றார். பிறகு கம்மலைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு, அடகுக் கடைக்கே திரும்பப் போனார். வாசலில் என்னைப் பார்த்து, "எல்லார் எதிர்லயும் என் மானத்த வாங்கிட்டியேம்மே" என்றார். எனக்கு அந்த இடத்திலேயே உயிர் போனால் தேவலை என்றிருந்தது.

மீதிப் பேருக்குப் பாதி கொடுக்க என் சங்கிலி போயிற்று. பெண் கல்லூரியில் அபராதத்தோடு பணம் கட்டினாள். என்னோடு ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பெட்டி நின்ற ஒவ்வொரு நாளுக்கும் துறைமுக வாடகை ஏறிக்கொண்டிருந்தது. பணம் வராமலே காகிதத்தைக் கொடுத்துவிடலாம் என்று வங்கிக்கு எழுதிக்கொடுத்தேன். ஆபீசில் வேலை பார்த்தபோது வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் பைத்தியம் என்று சொல்லியிருப்பேன். கொழும்புக்காரர் பெட்டியைத் திறந்து, கெட்டதை ஒதுக்கி, நல்லதை விற்றார். டாலர் சொட்டுச் சொட்டாக வந்தது. கடைசித் தவணை வந்தபோது கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த நாடு இன்னும் தவணை பேசிக்கொண்டிருக்கிறது, அவர் எனக்கு ஒரு டாலர் பாக்கி வைக்கவில்லை.

ஒரே நாளில் பதினெட்டுப் பேரையும் கூப்பிட்டு மீதியைக் கொடுத்தேன். காத்திருந்ததற்கு ஆளுக்கொரு சேலை. எல்லாரும் வாங்கிக்கொண்டார்கள். ஒருத்திகூட என்னை விட்டுப் போகவில்லை. அக்காவின் காதில் கம்மல் திரும்பி வந்தது. நெஞ்சில் இருந்த கல் இறங்கியது, இனி எல்லாம் பழையபடிதான் என்று நினைத்தேன்.

அதுவரை நிறுத்தி வைத்திருந்த வியாபாரத்தைப் பொங்கல் கழிந்து ஆரம்பித்தேன், முதல் கூடையை அக்காதான் கொண்டுவந்தார். தராசில் வைத்தார். அவர் டீ குடிக்கப் போவதற்காகக் காத்திருந்தேன். போகவில்லை. குனிந்து, கண்ணைச் சுருக்கி, எண்ணைப் படித்தார். இரண்டு தடவை படித்தார்.

"முழுசா இப்பவே குடுத்துரு."

"தடைக்காலத்துக்கு, அக்கா?"

"அத்த நான் பாத்துக்கறேன்."

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் காலில் விழுந்தாவது சமாதானப்படுத்தியிருப்பேன். நோட்டை எண்ணி நீட்டினேன். வாங்கி, ஒற்றைக் கையாலேயே தானும் ஒரு முறை எண்ணி இடுப்பில் செருகிக்கொண்டார். எடையைப் படித்து முடித்ததிலிருந்து அவருடைய இடது கை கூடையின் விளிம்பைப் பிடித்தபடியே இருந்தது. காசைச் செருகிய பிறகுதான் கையை எடுத்தார்.