நான் ஒட்டிய டியூப்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, தீபாவளி சீசன் வேலை மும்முரமாக இருந்த ஆவணி மாதத்தில் நடந்தது இது. எங்களுக்கு எம். புதுப்பட்டி பக்கம். பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் வேலை எனக்கு. என் மகள் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு.

அவளுக்குச் சைக்கிள் பந்தயம் என்றால் உயிர். ரோட்டில் ஓட்டுவது அல்ல. கல்லிலும் மேட்டிலும் ஓடைக்குள்ளும் ஓட்டுகிற பந்தயம். அதற்கென்று பட்டை டயர் போட்ட கியர் சைக்கிள் இருக்கிறது. அவளுடைய பி.டி. டீச்சர் யாரிடமோ சொல்லி, ஏற்கெனவே ஒருவர் ஓட்டிய சைக்கிளை வாங்கித் தந்தார். டயர் தேய்ந்திருந்தது. அந்தச் சித்திரையில், டயர் மாற்ற விருதுநகருக்கு நானும் மகளும் போனோம்.

"அண்ணாச்சி, டியூப் போடவா, டியூப்லெஸ் ஆக்கிருவோமா?" என்று கடைக்காரர் கேட்டார்.

எனக்கு விளங்கவில்லை. அவரே சொன்னார்.

"டியூப்லெஸ்னா உள்ள டியூப்பே கிடையாது. டயருக்குள்ள பால் மாதிரி ஒண்ணு ஊத்துவோம். முள்ளு குத்துனா அதுவே ஓட்டையை அடைச்சுக்கிடும். உங்க பக்கம் பூராம் கருவேல முள்ளு. அதுக்கு இதுதான் லாயக்கு."

"வெடிச்சிராதா?"

"வெடிக்கிறதெல்லாம் நீங்கதான் செய்யிறீக. நாங்க வெறும் காத்துதான் அடிக்கோம்."

மகள் சிரித்தாள். அவள் கண் டியூப்லெஸ் டயரிலேயே இருந்தது. டீச்சரும் அதைத்தான் போடச் சொல்லியிருந்தார். அது தெரிந்தும் நான் சொன்னேன்.

"டியூப்னா நான் ஒட்டிருவேன்."

ஏன் சொன்னேன் என்று எனக்குத் தெரியும். விடியும்போது வேலைக்குப் போனால் பொழுது சாயத்தான் வருவேன். அவள் படிக்கிற பாடம் எனக்குத் தெரியாது. பந்தயத்தைப் பற்றியும் தெரியாது. பஞ்சர் ஒட்டத் தெரியும். டியூப்லெஸ் போட்டுவிட்டால் அந்தச் சைக்கிளில் எனக்கு ஒரு வேலையும் இல்லை.

மகள் என்னை ஒரு தடவை பார்த்தாள்.

"டியூப்பே போடுங்கண்ணே. எங்கப்பா நல்லா ஒட்டுவாக."

சக்கரத்துக்கு ஒன்று போக, கைவசம் ஒரு டியூப் வாங்கிக்கொண்டோம்.

வாரம் இரண்டு, மூன்று பஞ்சர் வரும். அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள். ஓட்டை டியூப்பைக் கழற்றிக் கொடியில் தொங்கவிட்டிருப்பாள். நான் எடுத்து ஒட்டுவேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சொலுசன் பசை தடவி, பெருவிரல் வைத்து அழுத்திப் பார்ப்பேன். பதமாகக் காய்ந்திருந்தால் மேலே ரப்பர் ஒட்டை வைத்து அழுத்துவேன். நான் வைத்த ஒட்டு எதுவும் விட்டதில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வேலையில் அலுமினியப் பவுடர் உடம்பெல்லாம் ஏறிக்கொள்ளும். கம்பெனியிலேயே குளித்துவிட்டுத்தான் கிளம்புவோம். அப்படியும் கை ரேகைக்குள் இருப்பது போகாது. வீட்டுக்கு வந்து தேங்காய் எண்ணெய் போட்டு, சோப்புப் போட்டு, இன்னொரு தடவை குளிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் டியூப்பைத் தொடுவேன். தூசிக் கையோடு தொட்டால் ஒட்டு பிடிக்காது.

ஆவணியில் தேர்வுப் பந்தயம் வந்தது. முதல் மூன்று பேர் மாநிலப் போட்டிக்குப் போகலாம். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கானது. அவளுக்கு அதுதான் கடைசி வருடம்.

போர்மேனிடம் லீவு கேட்டேன்.

"ஏலே, சைக்கிள் ஓட்டப் போறது உன் மக. உனக்கு எதுக்குலே லீவு? பின்னாடி உக்காந்து போகப் போறியா?"

எல்லோரும் சிரித்தார்கள். முதல் நாளே லோடுக்கான கலவையை முடித்துக் கொடுத்தால் போகலாம் என்றார். முடித்துக் கொடுத்தேன். அவசரமாக இரண்டு வாளி தண்ணீர் ஊற்றிக்கொண்டு வீடு வந்தேன்.

கொடியில் டியூப் தொங்கியது. சாயங்காலம் பழகப் போன இடத்தில் முள் ஏறியிருக்கிறது. கையில் இருந்த டியூப்பை அவள் சக்கரத்தில் மாட்டிவிட்டாள். இதை ஒட்டினால்தான் நாளைக்குக் கைவசம் ஒன்று இருக்கும். புது டியூப் வாங்க விருதுநகர் போக நேரம் இல்லை. விடியக்காலையில் வேன் வந்துவிடும்.

"குளிச்சுட்டு வந்து உக்காருங்களேன். டியூப்பு எங்கிட்டும் ஓடிப்போயிராது" என்றாள் என் மனைவி.

"வெளிச்சம் போயிரும்" என்றேன்.

ஒட்டினேன். காற்று அடித்துப் பார்த்தேன். நின்றது. சுருட்டி அவள் பையில் வைத்தேன்.

பந்தயம் மேற்கே மலையடிவாரத்தில். நாலு சுற்று. கயிறு கட்டியிருந்தார்கள். நான் கயிற்றுக்கு வெளியே நின்றேன். சைக்கிளில் எது பழுதானாலும் ஓட்டுகிறவரே பார்க்க வேண்டும், வேறு ஆள் கை வைக்கக் கூடாது என்று டீச்சர் சொன்னார்.

இரண்டாவது சுற்றில் அவள் இரண்டாவதாக வந்தாள். மூன்றாவது சுற்றில், எனக்கு நேர் எதிரே, முன் சக்கரம் உட்கார்ந்துவிட்டது. இறங்கினாள். பதறவில்லை. டயரை நெம்பி, உள்ளே விரல் விட்டுத் தடவி, முள்ளைக் கண்டுபிடித்து எறிந்தாள். நான் ஒட்டிய டியூப்பை மாட்டிக் காற்று அடித்தாள். அதற்குள் இரண்டு பிள்ளைகள் தாண்டிப் போய்விட்டார்கள். ஏறி மிதித்தாள். சுற்று முடிந்து வரும்போது ஒருத்தியைத் தாண்டி மூன்றாவதாக வந்துவிட்டாள். டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "போதும் சார், இந்த இடம் போதும்" என்றார்.

கடைசிச் சுற்றில் நேரமாகியும் அவளைக் காணோம். ஒருத்தி வந்தாள். இன்னொருத்தி வந்தாள். மூன்றாவது வந்தது வேறு பிள்ளை. ரொம்ப நேரம் கழித்து மகள் வந்தாள். சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தாள். முன் டயர் தொங்கியது. ஆறாவது இடம்.

முடிவுக் கோட்டைத் தாண்டியதும் நிற்கவில்லை. சைக்கிளை உருட்டிக்கொண்டு ஓடைப் பக்கம் போய் உட்கார்ந்தாள். அழட்டும் என்று விட்டுவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து வந்தாள். டியூப்பைக் கழற்றிப் பையில் வைத்திருந்தாள்.

"என்னத்தா ஆச்சு?"

"மறுபடியும் முள்ளுப்பா. நம்ம ஊரு முள்ளு பத்தாதுன்னு இந்த ஊரு முள்ளும் சேந்துக்கிச்சு."

முகத்தில் கண்ணீர்க் கோடு காய்ந்திருந்தது. தண்ணீர் கொடுத்தேன். வேனில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் என் மனைவி கேட்டாள். "நேத்து ஒட்டுனது விட்டுருச்சா? குளிக்காம உக்காராதீகன்னு சொன்னேனே."

நான் வாயைத் திறக்குமுன் மகள் சொன்னாள். "அப்பா ஒட்டுனது அப்படியே இருக்கும்மா. இது வேற முள்ளு. சும்மா அவுகளைச் சொல்லாத."

ஞாயிற்றுக்கிழமை அவள் டியூஷன் போயிருந்தாள். நான் குளித்துவிட்டு, அவள் பையிலிருந்து நான் ஒட்டிய டியூப்பை எடுத்தேன். காற்று அடித்து, வாளித் தண்ணீரில் முக்கினேன். இரண்டு இடத்தில் குமிழி வந்தது.

ஒன்று, நான் வைத்த ஒட்டு. ஒரு ஓரம் தூக்கியிருந்தது. பிடித்து இழுத்தேன். வந்துவிட்டது. அடியில், சொலுசன் மேல், வெள்ளியாக ஒரு பெருவிரல் ரேகை. என் விரல். பவுடர் இருந்த இடத்தில் மட்டும் ஒட்டு பிடிக்கவில்லை.

இன்னொன்று, ஒரு முள் ஓட்டை. முள் நுனி ஒடிந்து அதிலேயே நின்றது. ஆனால் அது வால்வு இருக்கிற பக்கம் குத்தியிருந்தது. அந்தப் பக்கம் ரிம்மோடு ஒட்டி இருப்பது. தரையில் கிடக்கிற முள் அங்கே போகவே போகாது. டியூப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு குத்தினால்தான் உண்டு.

ஓடைப் பக்கம் உட்கார்ந்து அவள் என்ன செய்தாள் என்று அப்போதுதான் விளங்கியது. ரேகையைப் பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டு, ஒட்டைத் திரும்ப அழுத்திவைத்துவிட்டு, ஒரு முள்ளை எடுத்துக் குத்தியிருக்கிறாள். அவசரத்தில் பக்கம் பார்க்கவில்லை.

டியூப்பைக் கிழித்துக் குப்பையில் போட்டேன். சைக்கிளை மினி பஸ் மேல் ஏற்றிக்கொண்டு விருதுநகர் போனேன். இரண்டு சக்கரத்துக்கும் டியூப்லெஸ் போடச் சொன்னேன்.

சாயங்காலம் வந்தவள் டயரை அழுத்திப் பார்த்தாள்.

"என்னப்பா திடீர்னு?"

"முள்ளு ஜாஸ்தியா இருக்குல்ல."

"ஆமாப்பா" என்றாள். ஒரு சுற்றுப் போய்விட்டு வருகிறேன் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

இப்போது காலேஜில் படிக்கிறாள். அங்கேயும் ஓட்டுகிறாள். அன்று போன மாநிலப் போட்டி போனதுதான். இரண்டு பேரும் இதுவரை அதைப் பேசியதில்லை.

அன்று அவள் என்னைத் திட்டியிருக்கலாம். அதில் நியாயம் இருந்தது. ஆசைப்பட்டது கைவிட்டுப் போன அந்த நேரத்திலும், அப்பன் மனசு நோகக் கூடாது என்று முள் தேடியிருக்கிறாள். இதை எழுதலாமா என்று யோசித்தேன். அவள் வாசித்துவிடுவாள். வாசிக்கட்டும். நான் கையெடுத்துக் கும்பிட வேண்டிய மனசு ஒன்று என் வீட்டிலேயே இருக்கிறது என்பதை அவள் முகத்துக்கு நேராகச் சொல்ல எனக்கு இன்றைக்கும் வாய் வரவில்லை.