பக்கவாட்டுக் கதவுள்ள மண்டபம்

மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் மண்டபம் பார்க்கிற வேலையை நான் வலியப் போய் எடுத்துக்கொண்டேன். என் கணவரின் தம்பிக்கு அது பிடிக்கவில்லை.

"நீங்க ஏன் அண்ணி வெயில்ல அலையணும்? நான் பாத்துக்கிறேன்லா" என்றார்.

கணவர் போன பிறகு எங்கள் வீட்டுக்கு ஓர் ஆம்பளை செய்ய வேண்டியதையெல்லாம் அவர்தான் செய்துவருகிறார். நல்ல மனுஷர். அவரும் அவர் மனைவியும்தான் மணையில் உட்கார்ந்து என் மகளைத் தாரை வார்த்துக் கொடுக்கப்போகிறார்கள் என்பதும் பேசி முடித்ததுதான். அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் மண்டபத்தை மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. காரணத்தையும் அவரிடம் சொல்லவில்லை.

காரணம் இதுதான். நான் தாலியறுத்தவள். தாலி கட்டும் நேரத்தில் நான் மேடையில் நிற்கக் கூடாது, முன்வரிசையில் பளிச்சென்று கண்ணில் படும்படி உட்காரவும் கூடாது. இந்தக் காலத்தில் இதை யாரும் முகத்துக்கு நேரே சொல்வதில்லை. முழங்கையைப் பிடித்து மெதுவாக ஒதுக்குவார்கள்.

கொழுந்தனாரின் மூத்த மகன் கல்யாணத்தில் எனக்கு அப்படித்தான் நடந்தது. ஐயர் தாலித் தட்டைக் கையில் எடுக்கிறார், நான் மேடைப்படியில் ஒரு காலை வைத்துவிட்டேன். கைக்குழந்தையிலிருந்து நான் தூக்கி வளர்த்த பையன், கால் தானாகப் போய்விட்டது. கொழுந்தனார் மனைவி ஓடி வந்து என் முழங்கையைப் பிடித்தாள். "அக்கா, கொஞ்சம் இந்தப் பக்கம் வாங்களேன், அங்க ஒரே கூட்டமா இருக்கு" என்றாள். குரலில் அவ்வளவு பாசம். மேடையில் ஒரு கூட்டமும் இல்லை. போங்கடி நீங்களும் உங்க சாங்கியமும் என்று மனசுக்குள் ஏசிக்கொண்டே பின்னால் போய் நின்றேன். தாலி கட்டும்போது எல்லாரும் எழுந்து கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்கள். கடைசி வரிசையிலிருந்து எனக்குத் தெரிந்ததெல்லாம் முதுகும் கைப்பேசியும்தான்.

இதைக் கேட்டு மகள் கொதித்தாள்.

"என் கல்யாணத்துல நீ மேடைலதான் நிக்கிற. யாரு என்ன சொல்றாங்கன்னு நானும் பாக்குறேன்."

"வேணாண்டி."

"ஏன் வேணாம்? என்னை வளத்தது யாரு? நீயா, சித்தியா?"

அவளுக்கு எப்படிப் புரியவைப்பது? இந்தச் சாங்கியத்தை நான் ஒருநாளும் மதித்ததில்லை, ஆனால் பயப்படுகிறேன். நாளைக்கு மாப்பிள்ளை மோட்டார் சைக்கிளில் வழுக்கி விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டால்கூட, அன்றைக்கு எதிரில் நின்றது யார் என்று ஒருத்தி கேட்பாள். அவள் கேட்காவிட்டாலும் நானே கேட்பேன். என் கணவர் காலையில் பசியாறிவிட்டு லாரி எடுத்துக்கொண்டு போனவர், மத்தியானம் ஆஸ்பத்திரிப் பிணவறையில் கிடந்தார். அதற்குப் பிறகு எதையும் வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிட எனக்குத் தைரியம் வரவில்லை. சொல்ல அசிங்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் உண்மை.

ஆக, எனக்கு வேண்டிய மண்டபம் எப்படி இருக்க வேண்டும் என்றால், நான் யார் கண்ணிலும் படக் கூடாது, மணவறை மட்டும் என் கண்ணில் பட வேண்டும். இதை எந்த மேனேஜரிடம் போய்க் கேட்பது?

முதலில் ஈப்போ டவுனில் ஒரு பெரிய ஹாலைப் போய்ப் பார்த்தோம். கூரையெல்லாம் கண்ணாடி விளக்கு. கோட்டு போட்ட பையன் ஒருவன் "எத்தன மேசை ஆண்ட்டி?" என்று கேட்டுவிட்டு ஒரு தொகையைச் சொன்னான். மகள் என் கையைக் கிள்ளினாள். தொகையை விடுங்கள், அந்த ஹால் பந்து விளையாடுகிற திடல் மாதிரி விரிந்துகிடந்தது. ஒரு தூண் இல்லை, ஒரு மறைவு இல்லை. "இங்க எங்க உக்காந்தாலும் ஸ்டேஜ் நல்லா தெரியும் ஆண்ட்டி" என்று அவன் பெருமையாகச் சொன்னான். எங்கே உட்கார்ந்தாலும் ஸ்டேஜில் இருப்பவர்களுக்கு நானும்தானே தெரிவேன் என்று நினைத்துக்கொண்டேன்.

புந்தோங்கில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கோயில் மண்டபம் எனக்கு ரொம்பப் பிடித்தது. வாடகை குறைவு. இரண்டு பக்கமும் ஆள் மறைகிற தூண்கள். ஒவ்வொரு தூணுக்குப் பின்னாலும் போய் நின்று எட்டிப் பார்த்தேன். கோயில் கணக்கு எழுதுகிற கிராணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னக்கா, தூணு தாங்குமான்னு பாக்குறீங்களா?" என்று கேலி செய்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் எங்களுக்குக் குறித்துக் கொடுத்த முகூர்த்தத்தில் அங்கே வேறொரு கல்யாணம். நாளை மாற்றலாமா என்று காம்பாரில் இருக்கிற மாப்பிள்ளை வீட்டாரிடம் கேட்டோம். அவர்கள் முடியாது என்றுவிட்டார்கள்.

கடைசியில் கிடைத்தது தஞ்சோங் ரம்புத்தான் தாண்டி. ஒரு காலத்தில் ரப்பர் எஸ்டேட்டாக இருந்து, பிறகு செம்பனையாகி, இப்போது பாதிக்கு மேல் வரிசை வீடுகளாகிவிட்ட இடம். மனநல ஆஸ்பத்திரி இருக்கிற ஊர் என்பதால் கொழுந்தனார் சும்மா இருப்பாரா? "தஞ்சோங் ரம்புத்தான்லயா கல்யாணம்? முடிஞ்ச கையோட மாப்பிள்ளைய அங்கயே அட்மிட் பண்ணிட்டு வந்துடலாம்லா" என்றார். மகள் செருப்பைத் தூக்கிக் காட்டினாள்.

புது மண்டபம், பெயிண்ட் வாடைகூடப் போகவில்லை. பஸ் நிறுத்த இடம் இருந்தது. மண்டபம், சாப்பாடு, மேடை அலங்காரம் எல்லாம் சேர்த்து ஒரே பாக்கேஜ். நானும் மகளும் சேர்த்து வைத்திருந்ததற்குள் அடங்கியது. ஆனால் என்னை நிறுத்தியது அதெல்லாம் இல்லை. மேடைக்கு இடது பக்கம், சீர்த்தட்டு வைக்க ஒரு சின்ன அறை இருந்தது. அந்த அறையின் கதவு மேடைப் பக்கமாகத் திறந்தது. கதவில் நின்றால் ஹாலில் இருப்பவர்களுக்கு நாம் தெரியமாட்டோம். மேடை மட்டும் அப்படியே எதிரில் இருக்கும்.

மேடையில் அன்றைக்கு ஒன்றுமில்லை, வெறும் பலகை. மகளை ஏறி நடுவில் உட்காரச் சொன்னேன். ஜீன்ஸோடு சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"தெரியுதாம்மா?"

"தெரியுது. தலைய குனி." குனிந்தாள்.

"கழுத்து தெரியுதா?"

"நல்லா தெரியுது."

"எனக்கும் நீ தெரியிற." தலையை நிமிர்த்தினாள். "சரி, மேடைக்கு வர மாட்டேங்கிற. தாலி ஏறும்போது நான் அந்தக் கதவத்தான் பாப்பேன். அவரப் பாக்க ஆயுசு பூரா இருக்கு. நீ அங்க நிக்கணும்."

"நிக்கிறேன்லா."

"சத்தியமா?"

"சத்தியம்டி. எந்திரி, ஜீன்ஸெல்லாம் தூசி."

அங்கேயே முன்பணம் கட்டினோம். திரும்பும் வழியில் மாமாக் சாப்பாட்டுக் கடையில் ரொட்டி சானாய் சாப்பிட்டோம். கணவர் போன பிறகு நான் அவ்வளவு நிம்மதியாக ஒரு வாய் சாப்பிட்டது அன்றைக்குத்தான்.

மண்டபக்காரரை நான் கேட்காத கேள்வி இல்லை. கழிவறை எத்தனை, கரண்ட் போனால் ஜெனரேட்டர் உண்டா, மழை வந்தால் கார் நிறுத்துகிற இடத்தில் தண்ணீர் நிற்குமா, எல்லாம் கேட்டேன். நான் மருந்து எடுத்துக் கொடுக்கிற கிளினிக்கில் டாக்டரே என்னிடம் பயந்துதான் பேசுவார். அப்படிப்பட்டவள், மேடை அலங்காரம் எது வரைக்கும் வரும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாக்கேஜிலேயே வருகிறது, காசு மிச்சம் என்று சந்தோஷப்பட்டதோடு சரி.

கல்யாணத்தன்று விடிவதற்குள் மண்டபத்துக்குப் போய்விட்டோம். மகளை அலங்கரிக்க உட்காரவைத்துவிட்டு, சீர்த்தட்டுகளை அந்த அறைக்குள் கொண்டுபோய் வைத்தேன். பிறகு கதவைத் திறந்தேன்.

எதிரில் பலகை நின்றது. மேடை ஓரத்திலிருந்து சுவர் வரைக்கும், என் தலைக்கு மேலே இன்னும் ஓர் ஆள் உயரத்துக்கு. முன்பக்கம் போய்ப் பார்த்தேன். வெள்ளை பிளாஸ்டிக் ரோஜாவும் பச்சை இலையுமாக ஒரே பூச்சுவர். விருந்தாளிகள் நின்று படம் எடுத்துக்கொள்வதற்காம். அழகாகத்தான் இருந்தது. என் கதவுப் பக்கம் அதன் முதுகு, ஒட்டுப்பலகையும் ஆணியும் ஒயரும்.

அலங்காரம் செய்தவர் ஏணியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்.

"தம்பி, இத கொஞ்சம் நகத்த முடியுமா?"

"ஏன்க்கா?"

ஊரையெல்லாம் ஏசுகிற வாய், அன்றைக்குப் பார்த்து அடைத்துக்கொண்டது. நான் விதவை, என் மகள் கழுத்தில் தாலி ஏறுவதை இந்தக் கதவிலிருந்து பார்க்கணும் என்று ஒரு முன்பின் தெரியாத மனுஷனிடம் எப்படிச் சொல்வது? "இந்த ரூமுக்குக் காத்து வரல" என்றேன்.

"ஐயோ அக்கா, இது மணவறையோட சேத்துக் கட்டினது. கழட்டினா மொத்தமும் சாஞ்சிடும். இருங்க, வாரேன்." ஓடிப் போய் எங்கிருந்தோ ஒரு ஸ்டாண்ட் ஃபேனைத் தூக்கிக்கொண்டு வந்து, கதவோரம் வைத்து, சுவிட்சையும் போட்டுவிட்டார். "இப்ப ஓகேயாக்கா?"

"ஓகே தம்பி" என்றேன்.

பின்பக்கமாகச் சுற்றி, சமைக்கிற குசினி வழியாக ஹாலின் கடைசிக்குப் போயிருக்கலாம். நேரம் இருந்தது. முதுகுகளுக்கு நடுவில் ஒரு தலையாவது தெரிந்திருக்கும். ஒரு தடவை குசினி வரைக்கும் போகவும் செய்தேன். ஆனால் அவள் பார்க்கப்போவது அந்தக் கதவை. நிற்கிறேன் என்று சத்தியம் பண்ணியிருக்கிறேன். பலகை மறைத்தால் என்ன, அவள் திரும்புகிற நேரத்தில் நான் அங்கே இல்லாமல் போவதா? திரும்பி வந்து கதவில் நின்றுகொண்டேன்.

பலகைக்கு அந்தப் பக்கம் எல்லாம் நடந்தது. ஐயர் மந்திரம் சொன்னார். கொழுந்தனார் இருமினார், அந்த இருமல் எனக்குத் தெரியும். யாரோ ஒரு பெண் "கொஞ்சம் உக்காருங்க, மறைக்குது" என்று சத்தம் போட்டாள். அதைக் கேட்டதும் எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தது. பிறகு ஐயர் "கெட்டி மேளம், கெட்டி மேளம்" என்றார்.

மேளம் வெடித்தது. மஞ்சள் அரிசி நாலைந்து மணி பலகைக்கு மேலாக வந்து என் காலடியில் விழுந்தது. என்னிடமும் அரிசி இருந்தது, காலையிலேயே எடுத்து முந்தானையில் முடிந்துவைத்தது. அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. பலகையின் முதுகில் போட்டேன். நல்லா இருடி, நல்லா இருடி என்று சொல்லிக்கொண்டே போட்டேன். வாய்விட்டு அழுதேன். மேளச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. தரையில் கிடந்த அரிசியை ஃபேன் காற்று மூலைக்குத் தள்ளிக்கொண்டுபோனது.

சாயங்காலம் காரில் ஏறுவதற்கு முன்னால் மகள் என் காலில் விழுந்து எழுந்தாள். காதோரம் குனிந்து, "பாத்தியாம்மா?" என்று கேட்டாள்.

"பாத்தேன். நீ கழுத்தக் குனிஞ்சதுகூட நல்லா தெரிஞ்சுது."

"நானும் உன்னப் பாத்தேம்மா" என்றாள்.

கார் போன பிறகுதான் அவள் சொன்னது எனக்கு உறைத்தது. மணவறையில் உட்கார்ந்தவளுக்கு அந்தப் பலகை தெரியாமலா இருந்திருக்கும்? என்னைச் சமாதானப்படுத்தப் பொய் சொல்கிறாள், நானும்தானே சொன்னேன், பொய்க்குப் பொய் சரியாகப் போய்விட்டது என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

ஆல்பம் வந்தபோது அவள் மாப்பிள்ளையோடு கோலாலம்பூருக்குக் குடிபோயிருந்தாள். என் வீட்டு ஹாலில் உட்கார்ந்து கொழுந்தனார் மனைவிதான் முதலில் புரட்டினாள். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு "ஐயோ அழகு" சொல்லிக்கொண்டே வந்தவள், தாலி கட்டும் படத்தில் நின்றுவிட்டாள். பக்கம் முழுக்க அந்த ஒரே படம். மாப்பிள்ளை முடிச்சுப் போடுகிறார். மகளின் நாத்தனார் பின்னால் விளக்குப் பிடிக்கிறாள். எல்லாரும் தாலியைப் பார்க்கிறார்கள். என் மகள் மட்டும் கழுத்தைக் குனிந்தபடியே முகத்தை இடது பக்கம் திருப்பி, அந்தப் பூச்சுவரைப் பார்க்கிறாள். கண் நிறையத் தண்ணீர், ஆனால் சிரிக்கிறாள்.

"எல்லாம் நல்லா வந்திருக்குக்கா, இது ஒண்ணுதான்" என்றாள் கொழுந்தனார் மனைவி. "தாலி ஏறுற நேரத்துல மாப்பிள்ளையப் பாக்காம, இவ ஏன் அந்தப் பலகையப் பாத்துச் சிரிக்கிறா?"

"பூ நல்லா இருந்துச்சுல்ல, அதான்" என்று சொல்லி அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.