ஓடாமல் தேய்ந்த செயின்

வீடு வீடாகப் போய் பைக் செயின் டைட் பண்ணுகிறவனிடம் பைக் இருக்காது, என்னிடமும் இல்லை.

பன்னிரண்டாவதில் இரண்டு பாடம் போச்சு. மறுபடி எழுதச் சொன்னார்கள், எழுதவில்லை. ஸ்பேனர் பையை மாட்டிக்கொண்டு விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் பஸ்ஸில் அலைகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடியோ பார்த்துக்கொண்டே பின் சக்கர நட்டோடு மல்லுக்கட்டி, விரல் தோல் உரிந்து, கடைசியில் எனக்குப் போன் பண்ணுகிறீர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அழுத வண்டி

விழுப்புரம் கீழ்ப்பெரும்பாக்கத்தில் ஒரு அண்ணன். வண்டியைத் தள்ளினாலே கைக்குழந்தை அழுகிற சத்தம் வருது என்று போன். போய்ப் பார்த்தால் ஹேண்டில்பாரில் எலுமிச்சம்பழம், கறுப்புக் கயிறு. நானும் தள்ளினேன். நிஜமாகவே அழுதது. பக்கத்து வீட்டில் ஜன்னலைச் சாத்தினார்கள். எனக்கும் முதுகு சில்லிட்டது, பொய் சொல்ல மாட்டேன்.

விஷயம் இதுதான். செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேயாது. சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, எங்கே ரொம்ப டைட்டாக இருக்கிறதோ அங்கே வைத்துத்தான் அளவு பார்க்க வேண்டும். அண்ணன் லூசான இடத்தில் வைத்து இறுக்கிவிட்டார். எண்ணெயும் இல்லை. நட்டைத் தளர்த்தி, விரலால் தூக்கினால் லேசாக ஆடுகிற அளவுக்கு விட்டேன். அழுகை நின்றது. அண்ணி வெளியே வந்து கேட்டார்: “இப்ப எலுமிச்சம்பழத்தக் கழட்டிடலாமா தம்பி, இல்ல எதுக்கும் இருக்கட்டுமா?”

யாரும் ஓட்டாத வண்டி

பேய்க்கெல்லாம் ஸ்பேனரே போதும் என்ற மிதப்போடு திண்டிவனம் போனேன். செல்வி அக்கா துணிக்கடையில் வேலை செய்கிறவர். அவருடைய அப்பா விழுப்புரம் கோர்ட்டில் டவாலியாக இருந்து ரிட்டயரானவர். கேஸ்காரர்களை வாசலில் நின்று மூன்று தடவை பேர் சொல்லிக் கூப்பிடுவாரே, அந்த வேலை. தினமும் இந்த பைக்கில்தான் போய்வந்திருக்கிறார். இப்போது ஞாபகம் தப்பிவிட்டது. ஆனால் தொண்டை அப்படியே இருக்கிறது. உள்ளேயிருந்து “தண்ணி! தண்ணி! தண்ணி!” என்று சத்தம் வந்தது, நான் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டேன்.

“யாரும் ஓட்டுறதில்ல ஏழுமலை, விக்கப் போறேன்” என்றார் அக்கா. செயினைச் சரிசெய்தேன். பின்னால் தகராறு வரக்கூடாது என்று எப்போதும் கிலோமீட்டரைப் போட்டோ எடுத்து வைப்பேன். இங்கேயும் எடுத்தேன்.

அடுத்த மாதம் அக்கா போனில் கத்தினார். வாங்க வந்தவர் செயின் தொங்குது என்று திரும்பிப் போய்விட்டாராம். நானும் கோபமாகத்தான் போனேன். பார்த்தால் செயின் கவரில் லொடலொடவென்று அடிக்கிறது. போட்டோவை எடுத்து மீட்டரோடு வைத்துப் பார்த்தோம். ஒரு எண்கூட மாறவில்லை. கேட்டைப் பூட்டிவிட்டுத்தான் கடைக்குப் போகிறேன் என்றார். நின்ற இடத்தில் செயின் தேயாதுக்கா என்றேன். அக்கா முகம் வெளுத்துவிட்டது. “அப்ப என் வீட்டுக்குள்ள பூந்து யாருடா வண்டி ஓட்டுறது?”

மல்லாட்டை லாரி

எனக்கு மண்டை குடைந்தது. ஒரு நாள் திண்டிவனத்தில் வேறு வேலை முடிந்ததும் மத்தியானம் அந்தத் தெருவுக்குப் போனேன். தூரத்திலேயே என்ஜின் சத்தம். பூட்டிய கேட்டின் கம்பி வழியாகப் பார்த்தேன். பெரியவர் வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரி, போர்டிகோவில் சென்டர் ஸ்டேண்ட் போட்ட வண்டிமேல் உட்கார்ந்திருக்கிறார். கியர் விழுகிறது. பின் சக்கரம் அந்தரத்தில் பேயாகச் சுற்றுகிறது. வளைவு வந்த மாதிரி சாய்கிறார், ஹாரன் அடிக்கிறார். மாற்றுச் சாவி அவர் பையிலேயே இருந்திருக்கிறது. மீட்டர் கேபிள் முன் சக்கரத்தில். அது அசையாததால் எண் மாறவில்லை. பாதி மர்மம் அங்கேயே தீர்ந்தது.

ஆனால் ஒவ்வொரு கியருக்கும் ஸ்டேண்ட் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்ந்தது. வண்டிக்கு முன்னால் படிகள். ஸ்டேண்ட் மடங்கினால் வண்டி அவரோடு பாய்ந்து கேட்டில்தான் மோதும். “ஐயா, ஆஃப் பண்ணுங்க!” என்று கத்தினேன். சாவகாசமாக ஆஃப் பண்ணிவிட்டு இறங்கி வந்தார். “கூட்டேரிப்பட்டாண்ட மல்லாட்டை லாரி சாஞ்சி கெடக்குது. பாத்துப் போ” என்றார்.

அக்காவுக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட்டு, அவர் வரும்வரை கேட்டருகிலேயே நின்றேன். பிறகு பஸ் ஏறினேன். கூட்டேரிப்பட்டில் பஸ் நின்றது. லாரி குப்புற. ரோடு முழுக்க மல்லாட்டை, டயருக்கு அடியில் வேர்க்கடலை ஓடு படபடவென்று உடைகிறது. ரொம்ப நேரமாகவா கிடக்கிறது என்று கண்டக்டரைக் கேட்டேன். அவர் ஜன்னலில் தலையை நீட்டிவிட்டுச் சொன்னார்: “இப்பத்தாம்பா சாஞ்சிச்சாம், டிரைவரே இன்னும் எறங்கல பாரு.”

சத்தமில்லாத வண்டி

அன்று ராத்திரியே போன். வண்டியைக் காயலான் கடைக்குப் போடுகிறேன் என்றார் அக்கா. “ஸ்டேண்டு மடங்கினா அப்பா போயிடுவாருடா. நான் கடையில துணி மடிச்சிக்கினு இருப்பேன்.” சாவியைப் பிடுங்கிப் பார்த்திருக்கிறார். பெரியவர் கேட்டை உலுக்கி, தெருவே கூடிவிட்டதாம்.

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. செயினையே கழற்றிவிட்டால்? என்ஜின் ஓடும், சக்கரம் சுற்றாது, ஸ்டேண்ட் நகராது. மறுநாளே போய் லாக்கைப் பிடுங்கி, செயினை உருவி, பேப்பரில் சுற்றி அலமாரிக்கு மேலே வைத்தேன். பெரிய புத்திசாலி என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாளே அக்கா கூப்பிட்டுவிட்டார். அப்பா சாப்பிடவில்லையாம். போனேன். வெள்ளைச் சட்டையோடு வண்டிமேல் உட்கார்ந்திருந்தார். ஸ்டார்ட் பண்ணினார், கியர் போட்டார், காதைச் சாய்த்துக் கேட்டார், ஆஃப் பண்ணினார். மறுபடி ஸ்டார்ட். காட்டில் தொலைந்துபோன ஆள் மாதிரி முழித்தார். கோர்ட்டுத் தொண்டை இல்லை, மெல்லிய குரலில் ஒரே தடவைதான் சொன்னார்: “செயின் சத்தம் இல்லாம எந்தப் பக்கம் போறதுன்னு தெரியலப்பா.”

பின் சீட்டு

செயினைத் திரும்ப மாட்டினேன். ஸ்டேண்ட் இரண்டு காலையும் தரையில் போல்ட் போட்டு இறுக்கினேன். முன் சக்கரத்தைச் சங்கிலி போட்டுப் போர்டிகோ தூணோடு பூட்டி முடிக்கும்போது மத்தியானம். அக்காவுக்கு நம்பிக்கை வரவில்லை. “நீ பின்னாடி ஏறி உக்காந்து காட்டு. நகரலன்னா வண்டிய வெச்சிக்கிறேன், நகந்தா இன்னிக்கே வித்துடுவேன்.”

ஏறினேன். பெரியவர் திரும்பி, “ஏழுமலை, கெட்டியா புடி” என்றார். கிளம்பினோம் என்றுதான் சொல்ல வேண்டும். முதலில் வெட்கமாக இருந்தது, எதிரே அக்கா நிற்கிறார். கொஞ்ச நேரத்தில் என் சட்டை படபடவென்று அடித்தது. போர்டிகோவில் ஃபேன் கிடையாது. “விக்கிரவாண்டி டோல்கேட்டு, ஒரே பேஜாரு” என்றபடி ஒதுங்கி ஓட்டினார். விழுப்புரம் ஜங்ஷன் பக்கம் மெதுவாகப் போனார். பிறகு இடது, வலது, மறுபடி இடது என்று சாய்ந்தார். எங்கள் தெருவுக்குத் திரும்புகிற கணக்கு அது. நான் எங்கே குடியிருக்கிறேன் என்று அந்த வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை.

வண்டி நின்றது. கோர்ட் வாசலில் கூப்பிடுகிற மாதிரி “ஏழுமலை! ஏழுமலை! ஏழுமலை!” என்று கத்திவிட்டு, “வீடு வந்துடுச்சு, ஜல்தி எறங்கு” என்றார். இறங்கினேன். திண்டிவனம். அதே போர்டிகோ. ஸ்டேண்ட் ஒரு இம்மிகூட நகரவில்லை. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, வண்டி இங்கேயே இருக்கட்டும் என்றார்.

பஸ் பிடித்து விழுப்புரம் வந்து சேரும்போது சாயங்காலம். அம்மா வாசலில் கேப்பை மாவு சலித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சல்லடையைக் கீழே வைத்தார். “யாருடா அந்தப் பெருசு? மத்தியானம் வாசல்ல வண்டிய நிறுத்தி மூணு தபா உன் பேரக் கூவிச்சு, எட்டிப் பாக்கறதுக்குள்ள போயிடுச்சு, செயின் சத்தம் மட்டுந்தான் கேட்டுச்சு.”

அதனால் இப்போதெல்லாம் செயினுக்கு மட்டும்தான் நான் கேரண்டி தருகிறேன், வண்டி நிற்கிற இடத்திலேயே நிற்கும் என்பதற்கு இல்லை.